கம்பத்தில் கால் வைக்கும் முன்: லைன் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

லைன் வேலைக்கு வந்த முதல் வாரம் எல்லோருக்கும் கரண்டின் மேல்தான் பயம். அது இருக்க வேண்டிய பயம்தான். உயரத்தின் மேல் இருக்கும் பயமோ சீக்கிரம் விட்டுப்போகிறது. இருபது தடவை ஏறி இறங்கிவிட்டால் கால் தானாகப் படியைத் தேடிக்கொள்ளும். பேசிக்கொண்டே கை பெல்ட்டை மாட்டும். தொலைபேசி, இணையக் கேபிள் இழுக்கிறவர்களுக்கு இன்னொரு தைரியமும் உண்டு: "நம்ம வயரில் கரண்டே இல்லையே, என்ன ஆகப்போகிறது?" கீழே விழுவதற்குக் கரண்ட் வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவர் 0.9 வினாடியில் தரையைத் தொடுகிறார். அப்போது வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர். 6 மீட்டர் என்றால் 1.1 வினாடி, 39 கிலோமீட்டர். 9 மீட்டர் என்றால் 1.4 வினாடி, 48 கிலோமீட்டர். வழுக்கினால் எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை இப்போதே விட்டுவிடுங்கள். பிடிக்க வேண்டும் என்று தோன்றிக் கை நீளுவதற்குள் காரியம் முடிந்துவிடும். நான் 4 மீட்டரிலிருந்து விழுந்தவன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

விழுவது மேலே நடந்தாலும் அதற்கான காரணம் பெரும்பாலும் கீழேயே, ஏறுவதற்கு முன்பே இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் தரையில் நின்றுகொண்டு செய்யும் வேலைதான். இதைப் படித்துவிட்டுத் தனியாக ஏறிவிடாதீர்கள்; பயிற்சி கொடுப்பவர் பக்கத்தில் நிற்க, ஒவ்வொன்றையும் செய்து பழகுங்கள்.

கம்பத்தைச் சோதித்துப் பாருங்கள்

மரக் கம்பம் என்றால் முதலில் சுத்தியல். ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள சுத்தியலை எடுத்து, தரையோடு ஒட்டிய இடத்தில் தொடங்கி, கம்பத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே 1.8 மீட்டர் உயரம் வரை போங்கள். நல்ல மரம் 'டங்' என்று தெளிவாகச் சத்தம் கொடுக்கும். சுத்தியல் துள்ளித் திரும்பி வரும். உள்ளே உளுத்துப்போன இடத்தில் சத்தம் 'தொப்' என்று அமுங்கிவிடும், சுத்தியலும் துள்ளாது. கொஞ்ச நாள் பழகினால் காதுக்கு முன் மணிக்கட்டுக்கே தெரிந்துவிடும். பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். கழற்றிப் போட்ட பழைய கம்பம் எங்காவது கிடந்தால், அறுபட்ட முனையில் உளுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கு நேர் வெளியே தட்டுங்கள். பிறகு நல்ல இடத்தில் தட்டுங்கள். பத்து நிமிடத்தில் வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

அப்புறம் ஸ்க்ரூடிரைவர். இரும்புப் பகுதி 13 சென்டிமீட்டராவது நீளமாக இருக்கட்டும். கம்பத்தின் அடியில் மண்ணைக் கொஞ்சம் விலக்கி, சாய்வாகக் குத்துங்கள். மரம் உளுப்பதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் தரைமட்டமும் அதற்குச் சற்றுக் கீழும்தான். அதனால் மேலே இரும்பு மாதிரி இருக்கும் கம்பம்கூட அடியில் பொடிந்து கிடக்கலாம். மருந்து ஏற்றிய கம்பமாயிற்றே என்றும் விட்டுவிட முடியாது. மருந்து வெளிச்சுற்றில்தான் நன்றாக இறங்கியிருக்கும். நடு மரம் வெறுமனே இருக்கும். வெளியே ஓடு, உள்ளே பொடி. ஸ்க்ரூடிரைவர் தடையில்லாமல் உள்ளே போனால் அந்தக் கம்பத்தில் ஏறக்கூடாது.

மூன்றாவது, ஆட்டிப் பார்ப்பது. லைன் ஓடும் திசைக்குக் குறுக்காக, கயிறு கட்டியோ நீளக் கழியால் தள்ளியோ மெதுவாக அசைக்க வேண்டும். மேலே மின்கம்பிகள் இருந்தால் அவை ஆடி ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரிசல் விடும் சத்தம் கேட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

கான்கிரீட் கம்பத்தில் பார்க்க வேண்டியது விரிசல், உதிர்ந்த இடம், வெளியே தெரியும் கம்பி, அந்தக் கம்பியிலிருந்து வழிந்த துருக் கறை. இரும்புக் கம்பத்தில் அடிப்பகுதிதான் முக்கியம். பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும் மண்ணைத் தொடும் இடத்தில் உரசிப் பாருங்கள். எந்தக் கம்பமானாலும் சாய்வு, சமீபத்தில் பக்கத்தில் பள்ளம் தோண்டிய தடம், வண்டி மோதிய அடையாளம், மழையில் மண் அரித்துப்போன குழி ஆகியவை இருக்கின்றனவா என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிடுங்கள். அண்ணாந்து பார்த்துக் குளவிக் கூடு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். 6 மீட்டர் உயரத்தில் முகத்துக்கு நேராகக் குளவி கிளம்பினால் கை தானாகப் பிடியை விட்டுவிடும்.

சோதனையில் தேறாத கம்பத்தில் அடையாளம் போட்டு, தகவல் சொல்லி, ஆளைக் கூடையில் நிற்க வைத்து மேலே தூக்கும் பக்கெட் வண்டி கேளுங்கள். வண்டி வர ஒரு நாள் ஆகும் என்றால் வேலை ஒரு நாள் தள்ளிப்போகட்டும்.

கம்பியை வெட்டப் போகிறீர்களா?

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். பழைய கம்பம் பல நேரம் மண்ணின் பிடியில் நிற்பதில்லை. இரண்டு பக்கமும் இழுக்கும் கம்பிகளும், கம்பத்தைத் தரையோடு இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியும்தான் அதை நிறுத்தி வைத்திருக்கின்றன. நீங்கள் மேலே போய் ஒரு பக்கக் கேபிளை வெட்டியதும் இழுவை மாறுகிறது. அடி உளுத்த கம்பம் உங்களோடு சேர்ந்து சாய்கிறது. அந்த நேரத்தில் உங்களைக் கம்பத்தோடு கட்டி வைத்திருப்பது உங்கள் சொந்த பெல்ட். உடம்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸால்கூடக் காப்பாற்ற முடியாத விழுகை இது.

அதனால் எதையும் வெட்டுவதற்கு முன், அவிழ்ப்பதற்கு முன், கீழே நின்று ஒரு கேள்வி கேளுங்கள்: இது போனால் கம்பத்தை எது பிடித்திருக்கும்? பதில் உறுதியாகத் தெரியவில்லை என்றால் தற்காலிக ஸ்டே போட வேண்டும், அல்லது கிரேன் வைத்துப் பிடிக்க வேண்டும். லைன் முடியும் கம்பத்திலும் லைன் திரும்பும் கம்பத்திலும் இந்தக் கேள்வியை இரண்டு தடவை கேளுங்கள்.

ஏணி

கேபிள் வேலையில் உள்ளவர்களுக்குக் கம்பத்தைவிட ஏணியில்தான் அதிகப் பொழுது போகும். சாய்வு நாலுக்கு ஒன்று: ஏணி சாயும் இடம் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், அடி 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அடியின் இரண்டு காலும் ஒரே மட்டத்தில், கெட்டியான தரையில் இருக்கட்டும். ஒரு காலுக்குக் கீழே செங்கல் வைத்துச் சமப்படுத்துவது வேண்டவே வேண்டாம்.

உருண்டைக் கம்பத்தில் சாய்த்த ஏணியின் மேல்படி ஒரே ஒரு புள்ளியில்தான் கம்பத்தைத் தொடுகிறது. நீங்கள் ஒரு பக்கம் எட்டினால் அது உருண்டு திரும்பிவிடும். அதனால் கீழே ஒருவர் பிடித்திருக்க ஏறிப்போய், மற்ற எந்த வேலைக்கும் முன் ஏணியின் தலையைக் கம்பத்தோடு கட்டுங்கள். உங்கள் பெல்ட் பக்கிள் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். அது வெளியே போகிறது என்றால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள்.

இரண்டு கம்பங்களுக்கு நடுவே, கேபிளைத் தாங்கி ஓடும் தாங்கு கம்பியில் கொக்கி மாட்டி ஏணி சாய்ப்பதுதான் இதில் மோசமான நிலை. கம்பி உங்கள் எடைக்குத் தாழும், பக்கவாட்டில் ஆடும். அதன் மறுமுனையில் உள்ள போல்ட் துருப்பிடித்திருந்தால் அறுந்தே போகும். ஏணி போடுவதற்கு முன் இரண்டு பக்கக் கம்பங்களுக்கும் நடந்துபோய் அந்தப் பிடிமானங்களைப் பாருங்கள். பிறகு கம்பியின் மேல் கயிற்றைப் போட்டு இரண்டு பேர் தொங்கி இழுத்துப் பாருங்கள். அது தாங்கினால்தான் ஏணி.

எதை மாட்டுவது, எங்கே மாட்டுவது

இடுப்பு பெல்ட் மட்டும் போட்டுக்கொண்டு ஏறும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. விழுகிற உடம்பை இடுப்பில் மட்டும் பிடித்து நிறுத்தினால், அந்த அடி முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். அமெரிக்காவில் கட்டுமான வேலைகளில், விழுவதைத் தாங்கும் கருவியாக இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று 1998 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டார்கள். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். கம்பத்தைச் சுற்றிப் போட்டுச் சாய்ந்து நின்று வேலை செய்யும் பட்டை, அதாவது சுற்றுப்பட்டை, உங்களை நிற்க வைப்பதற்கு. ஹார்னஸின் முதுகு வளையத்தில் மாட்டும் லேன்யார்ட் என்ற இணைப்புப் பட்டை நீங்கள் விழுந்தால் தாங்குவதற்கு. இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

தினமும் காலையில் ஹார்னஸைக் கையில் எடுத்து, துணிப் பட்டையை 'ப' போல வளைத்து, விரலால் தடவிக்கொண்டே முழு நீளமும் போங்கள். வளைத்தால்தான் சின்ன வெட்டு வாய் திறக்கும். தையல் பிரிந்திருக்கிறதா, வெல்டிங் பொறி பட்டு உருகிக் கெட்டியான இடம் இருக்கிறதா, கொக்கியின் நாக்கு தானாக மூடுகிறதா, லேபிள் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஹெல்மெட்டின் தாடைப் பட்டையை மாட்டுங்கள். பட்டை மாட்டாத ஹெல்மெட் உங்களுக்கு முன்பே கீழே போய்ச் சேர்ந்துவிடும்.

லேன்யார்டை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். பொதுவான லேன்யார்டின் நீளம் 1.8 மீட்டர். அதை முதுகு வளையத்தின் உயரத்திலேயே மாட்டியிருந்தால் 1.8 மீட்டர் விழுந்த பிறகு இறுகும். அப்புறம், அடியைக் குறைக்க லேன்யார்டில் இருக்கும் அதிர்வு தாங்கி கிழிந்து நீள்வதற்கு ஒரு மீட்டர். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை உங்கள் உடம்பு ஒன்றரை மீட்டர். கூடுதலாக ஒரு மீட்டர் இடைவெளி. கூட்டிப் பாருங்கள்: 5.3 மீட்டர். மாட்டிய இடம் தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், லேன்யார்ட் சரியாக வேலை செய்தாலும் நீங்கள் தரையில் மோத வாய்ப்புண்டு. காலடியில் மாட்டினால் இன்னும் மோசம். விழும் தூரம் 3 மீட்டரைத் தாண்டிவிடும். மாட்டும் இடம் தலைக்கு மேல் இருக்கட்டும், நீளம் குறைவாக இருக்கட்டும். தாழ்வான கம்பங்களுக்குத் தானாகச் சுருங்கும் வகைதான் சரி.

அதிர்வு தாங்கி இல்லாத வெறும் கயிற்றை லேன்யார்டாகப் பயன்படுத்தக் கூடாது. ஐரோப்பியத் தரத்தில் அதிர்வு தாங்கி உடம்பில் இறக்கும் விசை 6 கிலோநியூட்டனுக்குள் இருக்க வேண்டும். 80 கிலோ எடையுள்ளவருக்கு அதுவே உடல் எடையைப் போல ஏழு மடங்குக்கு மேல். தாங்கி இல்லாவிட்டால் எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போதும், தாண்டும்போதும்

இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் எப்போதும் மூன்று பிடியில் இருக்க வேண்டும். கையில் எதுவும் எடுத்துக்கொண்டு ஏறக்கூடாது. சாமானெல்லாம் கயிற்றில் வரட்டும். மரக் கம்பத்தில் காலில் முள் (மரத்தில் குத்தி நிற்கும் இரும்புக் கூர்) கட்டி ஏறுகிறவர்கள் முழங்காலைக் கம்பத்திலிருந்து விலக்கி வையுங்கள். முழங்கால் ஒட்டினால் முள்ளின் கோணம் மாறி மரத்தைச் செதுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். மழை, இடி, பலத்த காற்று என்றால் ஏற வேண்டாம். அதில் பேச ஒன்றுமில்லை.

இப்போது நான் விழுந்த கதை. வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். கேபிள் கம்பம், 4 மீட்டரில் ஒரு பழைய இரும்புப் பட்டி நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றுப்பட்டையை அதற்கு மேலே கொண்டுபோக வேண்டும். வழக்கம்போல இடது கையால் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வலது கையால் கொக்கியை அவிழ்த்து, பட்டையை மேலே வீசினேன். வீசுவதற்காக இடுப்பு ஒரு சாண் பின்னால் போனது. கால் வைத்திருந்த படியில் சேறு. அவ்வளவுதான். பெல்ட் போட்டிருந்தேன், நல்ல பெல்ட், அன்று காலையில் சோதித்த பெல்ட். அது கம்பத்தில் இல்லாத மூன்று வினாடியில் விழுந்தேன்.

அதற்குப் பிறகு நான் கற்றதும், கற்றுக்கொடுப்பதும் இதுதான்: இரண்டாவது பட்டை. தடையைத் தாண்ட வேண்டுமென்றால், முதல் பட்டை இருக்கும்போதே இரண்டாவதைத் தடைக்கு மேலே சுற்றி மாட்டி, கொக்கி பூட்டியதைக் கண்ணால் பார்த்து, இழுத்துப் பார்த்து, பிறகு முதலாவதை அவிழ்க்க வேண்டும். 'க்ளிக்' சத்தத்தை நம்பாதீர்கள். கொக்கி வளையத்தில் விழாமல் பட்டையின் மடிப்பில் சிக்கிக்கொண்டும் அதே சத்தம் கொடுக்கும். தரையை விட்டுக் கால் எடுத்ததிலிருந்து திரும்பத் தரையைத் தொடும்வரை ஏதாவது ஒன்று பூட்டியிருக்க வேண்டும். தேர்ந்த ஆட்களுக்கு இது வேண்டாம் என்றுதான் முன்பு நினைத்தார்கள். அமெரிக்க மின் லைன் விதிகள் 2015 ஏப்ரலிலிருந்து அவர்களும் ஏறும்போதும் இடம் மாறும்போதும் பூட்டியிருக்க வேண்டும் என்று மாறிவிட்டன.

லேசான ஷாக்கும் போதும்

மின் லைனில் வேலை என்றால் லைன் கிளியர் (கரண்டை நிறுத்திவிட்டோம் என்ற அனுமதி) வாங்கி, கரண்ட் இல்லை என்று சோதித்து, எர்த் போட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கேபிள் ஆட்களுக்குத்தான் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். மேலே ஏதோ ஓரிடத்தில் மின்கம்பி உரசினாலும் போதும், உங்கள் தாங்கு கம்பி, கேபிளின் உலோக உறை, தெருவிளக்கின் கை எல்லாவற்றிலும் கரண்ட் வந்துவிடும். 1 மில்லியாம்பியர் அளவிலேயே சுருக்கென்று தெரியும். அதில் யாரும் சாவதில்லை. ஆனால் திடுக்கிட்டுக் கை உதறினால், பட்டை பூட்டாத நேரமாக இருந்தால், சாவதற்கு அது போதும். 10 மில்லியாம்பியரைத் தாண்டினால் தசை இறுகி, பிடித்ததை விடவே முடியாமல் போகலாம். தொடுவதற்கு முன் டெஸ்டரால் ஒவ்வொரு உலோகத்தையும் சோதியுங்கள், தினமும், பழகிய கம்பமானாலும்.

பக்கெட் வண்டியில் நிற்கிறவர்களுக்கு ஒரு சொல்: லேன்யார்டை வண்டியின் கையில் அதற்கென்று இருக்கும் வளையத்தில் மாட்டுங்கள், கம்பத்தில் மாட்டாதீர்கள். வண்டி நகர்ந்தால் உங்களை வெளியே இழுத்துவிடும். விளிம்பின் மேல் ஏறி நிற்கக் கூடாது.

ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தால்

ஹார்னஸ் தாங்கிவிட்டது என்பதோடு ஆபத்து முடியவில்லை. அசையாமல் தொங்குகிறவரின் காலில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அரை மணிக்குள் உயிரே போகலாம். அதனால்தான் தனியாக ஏறக்கூடாது என்கிறோம். தொங்குகிறவர் நினைவோடு இருந்தால் கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். ஹார்னஸில் கால் வைக்கும் பட்டை இருந்தால் அதில் மிதித்து எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

கீழே இருப்பவர் முதலில் கரண்ட் போய்விட்டதா என்று உறுதிசெய்ய வேண்டும். அவசரத்தில் ஏறி இரண்டாவது ஆளாகச் சிக்கியவர்கள் உண்டு. பிறகு ஆம்புலன்சுக்குச் சொல்லி, மீட்புக் கயிற்றோடு ஏறி, கயிற்றைக் கம்பத்தின் குறுக்குச் சட்டமான கிராஸ் ஆர்முக்கு மேலாகப் போட்டு, அவருடைய ஹார்னஸில் கட்டி, தொய்வை எடுத்துவிட்டு, அப்புறம்தான் அவர் தொங்கும் பட்டையை அறுக்க வேண்டும். எழுதுவது சுலபம். மூளை ஆக்சிஜன் இல்லாமல் நான்கு நிமிடம்தான் தாங்கும் என்று வைத்துக்கொண்டு, ஆள் எடையுள்ள பொம்மையைக் கட்டி இறக்கிப் பழகுங்கள். முதல் தடவை நான்கு நிமிடத்தில் முடியாது. முடியும்வரை பழகுங்கள்.

இறக்கிய பிறகு உட்காரவே வைக்க வேண்டும், படுக்க வைத்தால் இதயம் நின்றுவிடும் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். பிரிட்டனின் வேலைப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. வெளியிட்ட 2009 ஆய்வறிக்கை அதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. வழக்கமான முதலுதவிப்படி படுக்க வையுங்கள்.

விழுந்துவிட்டால்

நான் விழுந்ததும் கூட இருந்தவர்கள் இரண்டு பேர் ஓடி வந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அன்பினால் செய்தது. செய்யவே கூடாதது. விழுந்தவரை விழுந்த நிலையிலேயே விட்டு, தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுங்கள். ரத்தம் வழிந்தால் துணியை வைத்து அழுத்துங்கள். மூச்சு இல்லை என்றால் மட்டும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொடுக்காதீர்கள்.

மருத்துவமனையில் என் குதிகாலைப் படம் எடுத்து, எலும்பு உடைந்திருக்கிறது என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். முதுகைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கால் வலியில் எனக்கும் அது தெரியவில்லை. மூன்றாம் நாள் இரவு புரண்டு படுக்க முடியாமல் திரும்பப் போனபோதுதான் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பும் நசுங்கியிருந்தது தெரிந்தது. காலூன்றி விழுகிறவர்களுக்கு அந்த அடி குதிகாலிலிருந்து நேராக முதுகுக்கு ஏறும். இரண்டும் சேர்ந்தே உடைவது மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம்தான். அதனால் கூடப் போகிறவர் மூன்று விஷயத்தை வாயால் சொல்ல வேண்டும்: எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் தரையில் பட்டது, விழுவதற்கு முன் ஷாக் அடித்ததா. "முதுகையும் பாருங்கள்" என்று கேட்கத் தயங்காதீர்கள். ஷாக் அடித்திருந்தால் இதயத் துடிப்பையும் பதிவு செய்து பார்க்கச் சொல்லுங்கள். வெளியில் காயமே இல்லாமல் எழுந்து நடக்கிறவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். உள்ளே கசியும் ரத்தம் உடனே தெரியாது.

அன்றைக்கே, இடத்தைச் சுத்தம் செய்வதற்கு முன், நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். கம்பம், ஏணி நின்ற தடம், பட்டை இருந்த நிலை, நேரம், கூட இருந்தவர்கள் யார் என்று எழுதி வைத்து, மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது இழப்பீடு கேட்கும்போது நிற்காது. விழாமல் தப்பினாலும் எழுதிக் கொடுங்கள். அந்தச் சேறு படிந்த படியில் எனக்கு முன்பே இரண்டு பேருக்குக் கால் வழுக்கியிருந்தது என்று நான் படுத்துக் கிடந்தபோதுதான் தெரியவந்தது.

விழுகையை ஒரு தடவை தாங்கிய ஹார்னஸும் லேன்யார்டும் மறுபடி உதவாது, பார்க்கப் புதிது போல இருந்தாலும். விசாரணைக்குத் தேவைப்படும்வரை தனியாக வைத்திருங்கள். அது முடிந்ததும் பட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி, வளையங்களைப் பிரித்துப் போடுங்கள். முழுசாகக் குப்பையில் போட்டால் நாளைக்கு வேலைக்கு வரும் ஒரு பையன் அதை எடுத்து மாட்டிக்கொள்வான்.